கொரியக் கலவைச்சோறு: நம் அடுக்களை முறையில்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண்ணொருத்தி மேற்படிப்பின் பொருட்டுக் கொரிய நாட்டிற்குப் புறப்படவிருக்கிறாள். அவளுடைய அன்னையார் சென்ற திங்கள் இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருந்தார். அதில் இரண்டு வினாக்கள். பிறந்தது முதல் புலால் அறியாத பெண் அந்நாட்டில் எதை உண்பாள் என்பது முதலாவது. அங்கே பெயர்பெற்ற 'பிபிம்பாப்' என்னும் சோற்றை மரக்கறியாகச் சமைத்து இங்கேயே அவளுக்குப் பழக்கலாமென்றால், அதனைத் தம் மாமியார் புழங்கும் அடுப்பில் ஏற்றலாமா என்பது இரண்டாவது.

முதல் வினாவினும் இரண்டாவதே எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று நிகழ்வது யாதெனில், தமிழொலி சேர்த்த கொரியத் தொடர்களைப் பார்த்த பிள்ளைகள் அந்நாட்டுப் பண்டங்களை வெளியே சென்று உண்டு வருகிறார்கள். என்ன உண்டாய் என்று பெரியவர்கள் கேட்பதில்லை, பிள்ளைகள் சொல்வதுமில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, எஞ்சியிருக்கும் சொத்துகளில் ஒன்று எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது. அதனை ஒரு சோற்றுக் கிண்ணத்திற்காக இழக்கவேண்டிய அவசியமில்லை என்பது என் துணிபு. ஆதலின் இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் அந்தச் சோற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

'பிபிம்' என்றால் பிசைந்தது, கலந்தது. 'பாப்' என்றால் சோறு. பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. தென்கொரியாவின் தென்மேற்கில் உள்ள ஜோன்ஜு நகரம் இச்சோற்றுக்குப் பெயர்போனது. திருநெல்வேலி என்றால் அல்வா என்பதுபோல அங்கே ஜோன்ஜு என்றால் பிபிம்பாப். அதன் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் உண்டு. முன்னோர்க்குப் படைத்த சோற்றையும் கறிகளையும் படையல் முடிந்தபின் ஒன்றாகக் கலந்து உண்டதில் பிறந்தது என்பர் சிலர். வயலில் வேலை செய்தோர் ஒரே ஏனத்தில் கலந்து பகிர்ந்ததில் பிறந்தது என்பர் சிலர். ஆண்டிறுதியில் மிஞ்சிய கறிகளைத் தீர்க்கும் வழி என்பாரும் உளர். மூன்றும் நமக்கு அந்நியமான செய்திகள் அல்ல.

கூட்டாஞ்சோற்றை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அரிசி, பருப்பு, காய், கீரை, முருங்கைக்காய் ஆகிய அனைத்தையும் ஒரே பானையில் ஒன்றாக வேகவைப்பது நம் கூட்டாஞ்சோறு. கொரியச் சோற்றிலோ ஒவ்வொரு காயும் தனித்தனியே பக்குவம் செய்யப்பட்டு, சூடான சோற்றின்மேல் பக்கம்பக்கமாக வைக்கப்பட்டு, உண்பவரின் முன்னிலையில்தான் கலக்கிறது. நம்முடையதில் கலந்தபின் வேகிறது. அவர்களுடையதில் வெந்தபின் கலக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். மரக்கறி உண்பார்க்கு இச்சோறு இணங்கிவருவதற்கும் இதுவே காரணம். பொருள்கள் தனித்தனியே இருப்பதால் வேண்டாததை நீக்குதல் கூடும். குழம்பிலே கரைந்துவிட்ட புலாலை எவராலும் பிரித்தெடுக்க இயலாது.

நீக்கவேண்டியவை எவை? மேலே தெரியும் மாட்டிறைச்சியும் முட்டையும் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்குத் தெரியாத இடங்களே கவனிக்கத்தக்கவை. ஜோன்ஜு முறையில் சோற்றையே மாட்டெலும்புச் சாற்றில் வேகவைக்கும் வழக்கம் உண்டு. உடன் வைக்கும் கிம்ச்சி என்னும் முட்டைக்கோசு ஊறுகாயில், உப்பிட்டுப் புளிக்கவைத்த இறாலும் மீன்சாறும் பெரும்பாலும் சேர்கின்றன. சாறுகள் பலவும் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து இறக்கியவை. 'கோச்சுஜாங்' எனப்படும் மிளகாய் விழுது இயல்பில் மரக்கறிப் பொருளே. ஆயினும் இறைச்சி சேர்த்து வதக்கிய விழுதையும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். வேறு சில புட்டிகளில் கெடாதிருக்கும் பொருட்டுச் சிறிது சாராயச் சத்துச் சேர்ப்பதுண்டு. நம் நாட்டுக் கடைகளில் வாங்குவோர் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று முதலிற் பார்த்து, பின்னர்ச் சேர்மானப் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுதல் நலம். புள்ளி புலாலைத்தான் காட்டும், சாராயத்தைக் காட்டாது.

பயணம் போகும் பெண்ணுக்கு இங்கே ஒரு சொற்றொடர். 'கோகி பேகோ ஜுசேயோ' என்றால் இறைச்சியை நீக்கிக் கொடுங்கள் என்று பொருள். ஆனால் கொரியர் காதில் 'கோகி' என்பது பெரும்பாலும் விலங்கின் இறைச்சியையே குறிக்கும். மீனுக்கு 'செங்சொன்' என்றும், கடலுணவுக்கு 'ஹேமுல்' என்றும், முட்டைக்குக் 'கேரான்' என்றும் வேறு வேறு சொற்கள். நான்கையும் சொல்லி நீக்கச் சொன்னாலன்றி, இறைச்சி இல்லாத கிண்ணத்தில் இறால் வந்து அமர்ந்துவிடும். கடைக்காரர் மீது பிழையில்லை, கேட்டதைக் கொடுத்தார்.

நிற்க. மரக்கறிப் பிபிம்பாப் என்பது நாம் இங்கிருந்து இட்டுக்கட்டிய போலிப் பண்டமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு செய்தி. கொரிய மண்ணில் புத்தசமயம் பரவத் தொடங்கியது கி.பி. 372இல். அன்று தொட்டு வளர்ந்த மடங்களில் புலால் இல்லாத சமையல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. மலைக்கீரைகளைக் கொண்டு செய்யும் 'சான்சே பிபிம்பாப்' மலைக்கோயில்களை அடுத்த உணவகங்களிற் கிடைக்கும் பண்டம். பெக்யாங்சா மடத்தைச் சார்ந்த ஜோங் க்வான் என்னும் பிக்குணியின் சமையலை 2017இல் நெட்பிளிக்ஸ் தொடர் ஒன்று உலகிற்குக் காட்டியது. 2002 முதற்கொண்டு மடங்களில் வெளியார் சில நாள் தங்கி, துறவியர் உண்ணும் உணவையே உண்டு வரும் ஏற்பாடும் நடைபெறுகிறது. ஊரைவிட்டு உணவுக்குத் திகைக்கும் மாணவியர்க்கு இது நினைவிற் கொள்ளத்தக்கது.

அம்மடத்துச் சமையலில் ஒரு விந்தை உண்டு. புலாலோடு ஐந்து காரமணப் பொருள்களையும் துறவியர் விலக்குகிறார்கள். பச்சையாக உண்டால் சினத்தையும் சமைத்து உண்டால் காமத்தையும் அவை கிளறும் என்பது அவர்கள் நூற்கொள்கை. பூண்டு, வெங்காயத்தாள் முதலிய நான்கும் உள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்தாவதாகிய 'ஹுங்கோ' வேறு எதுவுமன்று, நம் பெருங்காயமே! 'ஹிங்கு' என்னும் வடசொல் சீனம் வழியாகக் கொரியா சென்று அவ்வுருவம் பெற்றது. அந்நாட்டில் விளையாத பொருளை அத்தனை நூற்றாண்டுகளாக அவர்கள் விலக்கி வருகிறார்கள். ஏகாதசியன்று வெங்காயத்தை நீக்கிவிட்டு ரசத்தில் பெருங்காயத்தைக் கொட்டும் நம் வீட்டில் அத்துறவி விருந்துண்ண வந்தால், இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

இனி, மாமியார் அடுப்பைப் பற்றிய வினாவுக்கு வருவோம். கொரியாவின் கிழக்குப் பகுதியில் ஆண்டோங் என்றோர் ஊர். கன்பூசியநெறி வழுவாத பழங்குடிகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே 'ஹொட்ஜேசாபாப்' என்றொரு சோறு வழங்குகிறது. அதற்குப் பொருள் வெறுந்திவசச் சோறு. முன்னோர்க்குப் படைக்கும் சோற்றின் சுவையை விரும்பிய புலவர்கள், திவசம் இல்லாத நாளிலும் அதே முறையில் சமைக்கச் சொல்லி உண்டார்கள் என்பது அவ்வூர்க் கதை. அந்தச் சோற்றில் மிளகாய் விழுது கிடையாது. சோயா அவரையைப் புளிக்கவைத்து வடித்த கருஞ்சாற்றை ஊற்றித்தான் பிசைகிறார்கள். முன்னோர் படையலில் செம்மிளகாயும் பூண்டும் ஆகா என்பது அவர்கள் வழக்கம்.

இதனைப் படித்தபோது நம் சிராத்தச் சமையலே என் நினைவுக்கு வந்தது. மிளகாயை நீக்கி மிளகு. வெங்காயமும் பூண்டும் இல்லை. பல வீடுகளில் பெருங்காயமும் விலக்கு. முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு போன்ற வந்தேறிக் காய்கள் இலைக்கு வாரா. மிளகாய் இரு நாட்டுக்கும் பிந்தி வந்த விருந்தாளி. அமெரிக்காவில் பிறந்த அச்செடியைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரையில் இறக்கினர். கொரியாவில் 1614இல் எழுதப்பட்ட 'ஜிபோங் யுசோல்' என்னும் நூல் அதனை 'ஜப்பான் கடுகு' என்று குறிக்கிறது. இன்று மிளகாயின்றி ஒருநாளும் கழியாத இரண்டு நாடுகள், முன்னோரை அழைக்கும் நாளில் மட்டும் அதனை வாசலில் நிறுத்திவிடுகின்றன. மாமியாருக்கு இந்த ஆண்டோங் முறையைச் சொல்லிப் பார்க்கலாம். அவருக்குத் தெரிந்த விதிகளுக்கு அது வெகு தொலைவில் இல்லை.

இந்த இடத்தில், கொரியரும் தந்தையை 'அப்பா' என்கிறார்கள் என்பதையும், ஆயுத நாட்டு இளவரசி கடல்கடந்து சென்று சூரோ மன்னனை மணந்த பழங்கதையையும் சில அன்பர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பதை அறிவேன். அவையெல்லாம் சுவையான பேச்சு. ஆனால் சோறு வேகுவதற்கு அவை வேண்டுவதில்லை.

முதலில் அரிசி. கொரிய அரிசி குட்டையாய், உருண்டையாய், வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்புடையது. இவ்வூர்க் குத்தரிசி இதற்கு உதவாது. புழுங்கலரிசி எதுவுமே உதவாது. பச்சரிசியே வேண்டும், அதிலும் புத்தரிசியே வேண்டும். நெல் பழையதாக ஆகச் சோறு உதிரியாக விழும் என்பதனால் நாம் பழைய அரிசியைத் தேடி வாங்குகிறோம். இதற்கு நேர்மாறாகப் பொங்கலுக்கு வாங்கும் புதுப் பச்சரிசியைத் தேடவேண்டும். செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து கொணர்ந்த கவுனி அரிசி ஒட்டும் தன்மையது. அதில் ஒரு கைப்பிடியை முதல்நாள் இரவே ஊறவைத்துச் சேர்த்தால் பசையும் கூடும், சோறு ஊதாநிறமும் கொள்ளும். கொரியரும் கருப்பரிசி கலந்து சமைப்பதுண்டு.

நால்வர்க்கு 2 டம்ளர் அரிசி போதும். கழுவி அரைமணி ஊறவைத்து, புத்தரிசியாயின் 4 டம்ளர் நீரும், பழையதாயின் சற்றுக் கூடுதலும் விட்டு, மூடிச் சிறுதீயில் வேகவைக்கவேண்டும். கஞ்சி வடிக்கக்கூடாது. உப்பும் இடக்கூடாது. நீர் வற்றியபின் இறக்கி, 10 நிமிடம் மூடியபடியே விட்டுவிடுக.

அடுத்து எண்ணெய். கொரியர் பயன்படுத்துவது எள்ளை வறுத்துப் பிழிந்த கருநிற எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயோ வறுக்காத எள்ளைக் கருப்பட்டி சேர்த்து ஆட்டியது. இரண்டும் எள்ளின் மக்களே ஆயினும் மணம் வேறு. இதற்கு எளிய பரிகாரம் உண்டு. வெள்ளை எள் 4 தேக்கரண்டியை வெறுஞ்சட்டியில் வெடிக்கும்வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்க. இந்தப் பொடியைக் காய் ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெயோடு தூவினால் அந்த மணம் பெரும்பாலும் வந்துவிடும். தேங்காயெண்ணெயை அருகிலும் கொண்டுவரலாகாது. ஒரு சொட்டு விழுந்தாலும் அவியலின் சாயல் வந்துவிடும். கடுகு, கறிவேப்பிலை, உளுத்தம்பருப்பு என்னும் தாளிதமும் வேண்டா. நம் பெண்டிர் கைக்கு இது கடுந்துறவு என்பதை உணர்கிறேன். என்றாலும் அந்த ஒருநாள் பொறுத்தருள வேண்டும்.

காய்களுக்கு வருவோம். பக்குவம் செய்த காய்கறிக்குக் கொரியர் 'நாமுல்' என்று பெயர் சொல்வர். சாலைக் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் இதற்கு வேண்டியன யாவும் கிடைக்கும். அத்தெருவை 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த நாள்தொட்டு, தமிழ்நாட்டுக் காய்கறி வந்து இறங்கும் இடமும் அதுவே அன்றோ. கொரியர் வெண்மை, கருமை, பசுமை, செம்மை, மஞ்சள் என்னும் ஐந்து நிறங்களை ஐந்து திசைகளோடு பொருத்தி இக்கிண்ணத்தை அலங்கரிப்பர். அதனை நாம் சட்டமாகக் கொள்ளவேண்டியதில்லை. காய் பொறுக்குவதற்கு ஒரு வழிகாட்டியாகக் கொண்டால் போதும்.

பசுமைக்குக் கீரை ஒரு கட்டு. இவ்வூரில் மிகுதியாய்க் கிடைக்கும் செஞ்சீரை அழகியதுதான். ஆனால் தன் சாயத்தைச் சோறு முழுவதற்கும் ஏற்றிவிடும். ஆதலின் பச்சைச் சீரையோ பாலக்கோ கொள்க. உப்பிட்ட கொதிநீரில் அரை நிமிடம் மூழ்கவிட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, கைகளுக்கிடையே வைத்து நன்றாகப் பிழியவேண்டும். பிழியாத கீரை சோற்றைச் சேறாக்கிவிடும். பிழிந்ததை நறுக்கி, உப்பு, எள்ளுப்பொடி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் இட்டுக் கையாலேயே பிசிறுக. கரண்டியால் கிளறுவதற்கும் கையால் பிசிறுவதற்கும் சுவை வேறு என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குச் 'சோன்மாட்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். 'சோன்' கை, 'மாட்' சுவை. நாம் கைமணம் என்பதும் அதுவே.

வெண்மைக்குச் சிறுபயற்று முளை. கடையில் விற்கும் நீண்ட முளை கிட்டாவிடின், பயற்றை ஓரிரவு ஊறவைத்துத் துளையுள்ள ஏனத்தில் ஈரத்துணியால் மூடி இருட்டில் வைத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை நீர் தெளித்து அலசிவந்தால், மூன்றாம் நான்காம் நாளில் வேண்டிய நீளம் வந்துவிடும். அலசத் தவறினால் இவ்வூர்ப் புழுக்கத்தில் ஊசிய வாடை வரும். கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி, வடித்து, கீரையைப்போலவே பிசிறுக. செம்மைக்குக் காரட் இரண்டு; தீக்குச்சிபோல் அரிந்து சில துளி எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். வெள்ளரிப்பிஞ்சையும் அவ்வாறே அரிந்து, உப்பிட்டுக் கால்மணி கழித்துப் பிழிந்துவிடுக. மஞ்சளுக்கு, முட்டைக் கருவின் இடத்தில், பரங்கிக்காய். இவ்வூரார் மத்தங்காய் என்பது. மெல்லிய துண்டுகளாக்கி, குழையாமல் வாட்டி எடுக்கவும். முட்டை அச்சோற்றில் செய்யும் வேலை வழவழப்பைத் தருவது. அதனைக் கலக்கும்போது ஊற்றும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் செய்துவிடும். முட்டைக்கு ஈடாகப் பனீரை உதிர்த்துப் போடுவாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலின் மணம் எள்ளின் மணத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

இனி இறைச்சியின் இடம். கருமைநிறத்தின் இடமும் அதுவே. கொரியர் காளானை இங்கு வைப்பதுண்டு. சிப்பிக்காளான் கொள்வோர் அதனையே கொள்க. காளானைத் தீண்டாத வீடுகள் நம்மிற் பல. அவர்களுக்கு இம்மண்ணே ஒரு பொருளைத் தந்திருக்கிறது. இடிச்சக்கை, அஃதாவது பலாப்பிஞ்சு. 2018இல் கேரள அரசு பலாப்பழத்தை மாநிலக் கனியாக அறிவித்தது. ஆனால் பழத்தினும் பிஞ்சே அடுக்களைக்கு உகந்தது என்பேன். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவி, துண்டாக்கி, உப்பிட்டு வேகவைக்க. வெந்ததை அம்மியிலோ உரலிலோ இலேசாக இடித்தால் நார்நாராகப் பிரியும். சீனச்சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, பிரிந்த நாரை இட்டு, சோயாச் சாறு 2 தேக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒரு தேக்கரண்டி, மிளகுப்பொடி அரைத் தேக்கரண்டி சேர்த்து, ஈரம் சுண்டிக் கருஞ்சிவப்பாகும்வரை வதக்குக. சோயாச் சாற்றிலேயே உப்பு உண்டு. மேலும் இடுவதற்குமுன் நாவில் வைத்துப் பார்க்கவும். இதற்குப் பூண்டும் வேண்டா, வெங்காயமும் வேண்டா. கொரியர் வீட்டுச் சமையலில் பூண்டு தாராளம். கொள்வோர் காய்களில் ஒவ்வொரு பல் நசுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மடத்து முறை என்று சொல்லிச் சேர்க்காமலும் இருக்கலாம். இரண்டும் அந்நாட்டு வழக்கமே.

சட்டியைச் 'சீனச்சட்டி' என்று எழுதியபோது ஓர் எண்ணம். இவ்வூரில் ஊறுகாய் ஜாடிக்கும் 'சீன பரணி' என்றுதான் பெயர். கிழக்கத்திய ஏனங்கள் இரண்டு எத்தனையோ தலைமுறையாகப் பாட்டிமார் அடுக்களையிலேயே வீற்றிருக்கின்றன. அவற்றை யாரும் வெளியே போ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது விழுது. கோச்சுஜாங் என்பது மிளகாய்ப்பொடி, ஒட்டரிசி மாவு, புளிக்கவைத்த சோயா அவரைப்பொடி, வாற்கோதுமை முளைமா, உப்பு ஆகியவற்றைப் பிசைந்து மண்சாடியில் இட்டு, வெயிலும் நிழலும் படும்படி முற்றத்தில் பல மாதம் வைத்துப் பக்குவப்படுத்துவது. நாம் மாவடுவுக்குக் காட்டும் பொறுமை முழுதும் அதற்கு வேண்டும். இத்தகைய விழுதும் சாறும் ஆக்கும் கொரிய வழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதனை வீட்டில் ஒரு மணிநேரத்தில் செய்துவிடலாம் என்று சொல்வாரை நம்பவேண்டா. மிளகாய், வெல்லம், புளி, சோயாச் சாறு சேர்த்து அரைப்பது நல்ல துவையல், கோச்சுஜாங் ஆகாது. புளித்தலில் பிறக்கும் அந்த ஆழ்ந்த சுவை அரைப்பதால் பிறவாது. புட்டி கிடைத்தால் வாங்கிக்கொள்க. 2 மேசைக்கரண்டி விழுதில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி வெல்லம், ஒரு மேசைக்கரண்டி நீர், சிறிது எள்ளுப்பொடி கலந்தால் நால்வர்க்குப் போதும். கிடைக்காவிடின் துவையலால் ஈடுசெய்ய முயல்வதினும் ஆண்டோங் முறைக்குச் செல்வதே மேல். சோயாச் சாறு 3 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எள்ளுப்பொடி, மிகச்சிறிது வெல்லம். இதில் மிளகுப்பொடி சேர்ப்பது நம் விருப்பம்.

பரிமாறும் முறையில்தான் அந்த அன்னையாரின் இக்கட்டு தீர்கிறது. சோறு ஒன்று, காய்கள் அவையே. கிண்ணத்திலோ இலையிலோ சூடான சோற்றைப் பரப்பி, அதன்மேல் காய்களை நிறம்நிறமாக வைத்துவிடுக. பிள்ளைகளுக்கு நடுவே செவ்விழுது, பெரியவர்களுக்குக் கருஞ்சாறு. இரண்டு அடுப்பில்லை, இரண்டு பந்தியில்லை. கொரியர் உலோகக் கரண்டியால் கலப்பர். பாட்டியார் கையால் பிசைவார். பிசைந்த சோறு என்று பெயர் வைத்தவர்கள் அதற்குக் குறைசொல்ல இடமில்லை. மூலைமூலையாகத் தொட்டுக்கொண்டு உண்பது மட்டும் கூடாது. முழுவதும் ஒரே நிறமாகும்வரை பிசைந்தாலே சுவை திரளும்.

அலுவலகத்திற்குக் கொண்டுசெல்வோர் சோற்றையும் காயையும் கலவாமல் தனித்தனி அடுக்கில் எடுத்துச் செல்க. முளைப்பயறும் பிழிந்த கீரையும் இவ்வூர் வெப்பத்தில் மாலைவரை தாங்கா. பகலுணவோடு தீர்த்துவிட வேண்டும்.

இறுதியாகக் கல்சட்டி. சூடான கற்கிண்ணத்தில் பரிமாறும் வகைக்கு 'டோல்சொட் பிபிம்பாப்' என்று பெயர். 'டோல்' கல், 'சொட்' சட்டி. புளிக்குழம்புக்கென்று தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மாக்கல் சட்டி எவர் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அதற்கு வேலை வந்துவிட்டது. பழக்கிய சட்டியாக இருக்கவேண்டும். புதிதாயின் வடித்த கஞ்சியை ஊற்றிச் சில நாள் பழக்கிய பின்னரே தீயில் ஏற்றவேண்டும். உட்புறம் நல்லெண்ணெய் தடவி, சோற்றை அழுத்திப் பரப்பி, காய்களை மேலே அடுக்கி, மிகச் சிறுதீயில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றுக. திடீரெனத் தீயை உயர்த்தினால் கல் விரிசல் காணும். அடியிலிருந்து சடசடவென்று ஓசை எழுந்ததும் இறக்கிவிடலாம். கல் சூட்டை விடாதாகையால் உண்டு முடிக்கும்வரை சோறு ஆறாது.

அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தலுக்கு அங்கே 'நுருங்ஜி' என்று பெயர். பிள்ளைகள் அதற்குச் சண்டையிடுவார்களாம். நம் வீட்டிலும் காந்தலுக்குச் சண்டை உண்டென்பதைச் சொல்லவேண்டியதில்லை. எல்லோரும் உண்டபின் எஞ்சிய காந்தலின்மேல் வெந்நீர் ஊற்றிச் சிறிது கொதிக்கவிட்டுப் பருகுவர்; அதற்குச் 'சுங்ன்யுங்' என்று பெயர். சட்டியும் அதனாலேயே பாதி துலங்கிவிடும். மீதியை நார்கொண்டு தேய்த்தால் போதும். சோப்பு இடலாகாது, கல் அதனை உறிஞ்சிக்கொள்ளும்.

மீனும் இறாலும் இன்றிக் கிம்ச்சி போடும் முறையை அடுத்த இதழில் எழுதக் கருதியிருக்கிறேன். அதற்குப் பரணி வேண்டும்; இப்போதே கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்க.